பிறவி மாறுகண் அறுவை சிகிச்சை: என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

பிறந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கி, மூக்குப் பக்கமாகவே நிலைத்துவிட்ட மாறுகண்ணுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிய மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்களை நேராக்கும் வேலையை இந்தச் சிகிச்சை நன்றாகவே செய்கிறது. மங்கிய பார்வையை அது கூட்டாது. அந்த வேலை நல்ல கண்ணை மறைக்கும் பேட்சுக்கும் கண்ணாடிக்கும் உரியது. இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் ஆழப் பார்வை ஓரளவு கிடைக்கலாம், அதுவும் சீக்கிரம் செய்தால். பத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பின்னாளில் இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும். இந்த நான்கையும் தேதி குறிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிற மருத்துவமனையை நம்பலாம். "ஒரே ஆபரேஷன், எல்லாம் சரியாகிவிடும்" என்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

முதலில், இது அந்த மாறுகண்தானா?

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தையின் கண் அவ்வப்போது உள்ளேயோ வெளியேயோ ஓடுவது இயல்பு. நான்கு மாதம் தாண்டியும் ஓடினால், அல்லது அதற்கு முன்பே எந்நேரமும் உள்ளேயே நின்றுவிட்டால், குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொதுக் கண் மருத்துவர் போதாது. மாறுகண் பிரிவு தனியாக உள்ள இடமே சரி. செல்போன் ஃபிளாஷில் எடுத்த படத்தில் கருமணி வெள்ளையாகத் தெரிந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. கண்புரையும், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயும் சில குழந்தைகளிடம் முதலில் மாறுகண்ணாகத்தான் தலைகாட்டும்.

மாறுகண் என்று கூட்டிவரப்படும் கைக்குழந்தைகள் பலருக்கு மாறுகண்ணே இருக்காது. மூக்குத்தண்டு அகலமாகவும், கண்ணின் உள்மூலையில் தோல் மடிப்பும் இருந்தால் வெள்ளைவிழி அந்தப் பக்கம் மறைந்து, கண் உள்ளே போனது போலத் தெரியும். டார்ச் வெளிச்சம் இரு கருமணிகளிலும் ஒரே இடத்தில் விழுந்தால், கண்ணை மறைத்துத் திறக்கும்போது விழி அசையாமல் இருந்தால், அது பொய்த் தோற்றம். வளர வளர மூக்கு எழும்பி அது மறைந்துவிடும். "எங்க அண்ணன் பிள்ளைக்கும் தானாகச் சரியாயிடுச்சே" என்று குடும்பங்களில் சொல்லப்படும் கதைகளில் பெரும்பகுதி இந்த வகை. உண்மையான பிறவி மாறுகண் அப்படி விடுவதில்லை. பத்து வாரம் கடந்த குழந்தைக்கு 40 பிரிசம் டயாப்டருக்கு (மாறுகண்ணின் கோணத்தை அளக்கும் அலகு) மேல் எந்நேரமும் உள்ளே நிற்கும் கண் தானாக நேராவது அபூர்வம்.

இன்னும் இரண்டு மூன்று போலிகள் உண்டு. இரண்டு மூன்று வயதில் தொடங்கும் மாறுகண் பெரும்பாலும் பிளஸ் பவரால் வருவது. கண்ணாடி போட்டாலே நேராகும், அதில் கத்தி வைப்பது தவறு. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பின் பலவீனத்திலும், பிறவியிலேயே நரம்புக் கோளாறால் வரும் டுவான் குறைபாட்டிலும் கண் வெளிப்பக்கம் திரும்பவே திரும்பாது. ஆனால் பிறவி மாறுகண் குழந்தையும் வலப்பக்கம் பார்க்க இடக்கண்ணையும், இடப்பக்கம் பார்க்க வலக்கண்ணையும் குறுக்காகப் பயன்படுத்தும். அதனால் வெளியே திருப்ப முடியாதது போலவே தோன்றும். ஒரு கண்ணைச் சிறிது நேரம் மறைத்துவைத்தோ, தலையைச் சட்டென ஒருபக்கம் திருப்பியோ பார்த்தால், மற்றக் கண் வெளிப்பக்கம் முழுசாக ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனை அரை நிமிடத்தில் முடியும். அதைச் செய்யாமல் சிகிச்சையை முடிவு செய்யும் இடம் அவசரப்படும் இடம்.

அளவு எடுப்பதில்தான் தரம் தெரியும்

மாறுகண் சிகிச்சையில் ஆபரேஷன் தியேட்டரைவிட அளவு எடுக்கும் அறையைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். மாறுகண்ணை பிரிசம் டயாப்டரில் அளப்பார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு செ.மீ. நகர்த்தும் பிரிசம் ஒரு டயாப்டர். பிறவி மாறுகண்ணில் 30க்கு மேல் இருப்பது வழக்கம். 40 முதல் 60 வரை சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த எண்ணுக்கேற்ப, இரு கண்களின் மூக்குப் பக்கத்து உள்தசைகளையும் எத்தனை மி.மீ. பின்னால் தள்ளித் தைப்பது என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. 30 டயாப்டர் என்றால் ஒவ்வொரு கண்ணிலும் 4.5 மி.மீ., 40க்கு 5.5, 50க்கு 6, 60க்கு 6.5, 70க்கு 7. அனுபவமுள்ள மருத்துவர்கள் தங்கள் பழைய முடிவுகளைப் பார்த்து இதில் சிறு மாற்றம் செய்வார்கள்.

பட்டியலின் மேல்பகுதியைக் கவனியுங்கள். அங்கே அரை மி.மீ. என்பது 10 டயாப்டர். டார்ச் வெளிச்சம் விழும் இடத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் கணிக்கும் முறையில், ஒரு மி.மீ. தவறாகப் படித்தாலே சுமார் 15 டயாப்டர் பிசகும். ஆகவே டார்ச் சோதனை கணிப்புக்கு மட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிரிசம் வைத்த அளவு வேண்டும். கைக்குழந்தைக்குப் பிரிசத்தைப் பிடித்து ஒளிப்புள்ளியை நடுவுக்குக் கொண்டுவரும் கிரிம்ஸ்கி முறை. சற்று வளர்ந்து பொம்மையைக் கூர்ந்து பார்க்கும் குழந்தைக்கு, பிரிசத்தோடு கண்ணை மாற்றி மாற்றி மறைக்கும் முறை. வேறு வேறு நாளில் குறைந்தது இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். குழந்தை அழுத நாளில், தூங்கி விழுந்த நாளில் எடுத்த அளவை எண்ணிக்கையில் சேர்க்காத ஆர்த்தாப்டிஸ்ட் (மாறுகண் அளவு எடுக்கும் நிபுணர்) நல்ல ஆர்த்தாப்டிஸ்ட். "இன்னொரு நாள் வாங்க" என்று அவர் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். உங்கள் குழந்தைக்கு இரண்டாவது ஆபரேஷனை அவர் தவிர்க்கப் பார்க்கிறார்.

அளவுக்கு முன் பவர் பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் கண் குவிக்கும் சக்தியை முழுதாக நிறுத்தினால்தான் உண்மையான பவர் தெரியும். இதற்கு அட்ரோபின் 1 சதவீதக் களிம்பை மூன்று நாள் வீட்டில் போட்டுவரச் சொல்வது இங்கே பல இடங்களில் வழக்கம். கீழ் இமையை இழுத்து, அரிசி அளவு மட்டும் இட்டு, மூக்கோரக் கண்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, வழிந்ததைத் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முகம் சிவந்து, காய்ச்சல் அடித்து, வாய் வறண்டு, குழந்தை வழக்கமின்றித் துள்ளினால் அது மருந்து உடம்பில் ஏறியதன் அடையாளம். அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழையுங்கள். கருமணி விரிந்து வெளிச்சம் கூசுவது மட்டும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். அது பயப்பட வேண்டியதில்லை. பிளஸ் பவர் 3 அளவுக்கு இருந்தால் முதலில் கண்ணாடி, சில வாரம் கழித்துக் கண்ணாடியோடு மறுபடி அளவு. கண்ணாடி போட்ட பிறகும் மிஞ்சும் மாறுகண்ணுக்கு மட்டுமே அறுவை சிகிச்சை.

அடுத்தது சோம்பேறிக் கண். குழந்தை இரு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டிலும் பார்வை சமமாக வளர்கிறது என்று பொருள். எப்போதும் ஒரே கண்தான் உள்ளே போகிறதென்றால் அந்தக் கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. நல்ல கண்ணுக்குப் பேட்ச் போட்டு, இரண்டும் மாறி மாறிப் பார்க்கும் நிலைக்கு வந்த பிறகே அறுவை சிகிச்சைக்குப் போவது நல்லது. கண் நேரான பிறகு வீட்டில் யாருக்கும் குறை தெரியாது. மறுபரிசோதனை நின்றுபோகும். ஆறு வயதில் பள்ளியில் ஒரு கண்ணை மூடச் சொல்லும்போதுதான் மற்றக் கண்ணில் எழுத்தே தெரியவில்லை என்பது வெளிவரும். அதனால்தான் இந்த வரிசை. கைக்குழந்தைக்கு எத்தனை மணி நேரம் பேட்ச் என்பதை மருத்துவர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள், கூட்டாதீர்கள். அதிகம் மறைத்தால் நல்ல கண்ணே சோம்பேறியாகும்.

எந்த வயதில்

ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் என்பதே எங்கள் பரிந்துரை. இரு கண் பார்வைக்கான மூளை இணைப்புகள் முதல் சில மாதங்களிலேயே உருவாகத் தொடங்குகின்றன. கண்கள் வெவ்வேறு திசையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைத் தின்கிறது. ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, 6 முதல் 24 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளையும் 32 முதல் 60 மாதத்தில் செய்தவர்களையும் ஆறு வயதில் ஒப்பிட்டது. ஆழப் பார்வையைச் சோதிக்கக் காட்டும் பெரிய ஈயின் படத்தில் ஆழத்தை உணர முடிந்தவர்கள் முதல் பிரிவில் 13.5 சதவீதம், இரண்டாவதில் 3.9 சதவீதம். சீக்கிரம் செய்வதால் மூன்று மடங்குக்கு மேல் லாபம் என்றும் இதைப் படிக்கலாம். சீக்கிரம் செய்தும் பெரும்பாலோருக்கு நல்ல ஆழப் பார்வை வரவில்லை என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. அதே ஆய்வில் முன்னதாகச் செய்தவர்களுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சைத் தேவை சற்றே அதிகம்: 28.7க்கு 24.6 சதவீதம். காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோணம் குறைந்து அறுவை சிகிச்சையே வேண்டாமல் போனது. அவர்களில் பெரும்பாலோர் சிறு கோணக்காரர்கள். எனவே பெரிய கோணம், மாறாத அளவு, இரு கண்ணும் மாற்றிப் பார்க்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் தள்ளிப்போடக் காரணமில்லை. சிறு கோணம், நாளுக்கு நாள் அளவு மாறுகிறது என்றால் காத்திருப்பதே புத்தி.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிற வீடுகள் இன்றும் உண்டு. அந்த அதிர்ஷ்டத்தைச் சுமப்பது குழந்தை. "ஒன்றரைக் கண்" என்று பள்ளியில் கூப்பிடுவதைக் கேட்டு வளர்வதும் அதுதான். வயது கடந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம். பத்து வயதிலும் முப்பது வயதிலும் கண்ணை நேராக்கலாம். ஆழப் பார்வை வராது. ஆனால் பக்கவாட்டுப் பார்வைப் பரப்பு விரியும், எதிரில் இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்க்க முடியும். பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிரிசம் வைத்து இரட்டையாகத் தெரிகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

கண்ணை வெளியே எடுத்துத் திருப்பி வைப்பார்கள் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. விழி இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூக்குப் பக்கத்துத் தசை கருவிழி விளிம்பிலிருந்து சுமார் 5.5 மி.மீ. பின்னால் வெள்ளைவிழியில் ஒட்டியிருக்கும். கண்ணின் கீழ்மடிப்பில் வெள்ளைவிழியை மூடிய மெல்லிய சவ்வைச் சிறிதாகத் திறந்து, கொக்கியால் தசையைப் பிடித்து, ஒட்டும் இடத்துக்கு அருகில் தசையின் இரு ஓரத்திலும் நூலைக் கோத்து முடிச்சுப் பிடிப்பார்கள். பிறகு தசையை விழியிலிருந்து வெட்டி, காலிப்பரால் அளந்த இடத்தில் பின்னால் தைப்பார்கள். தசையின் இழுவை அந்த அளவுக்குத் தளரும். நூல் 6-0 விக்ரில், தானே கரைவது, தையல் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு கண்தான் மாறுகண் என்று பெற்றோர் நினைக்கும்போதும் இரு கண்ணிலும் செய்வது முறையான வழி, ஏனென்றால் கோணம் இரு கண்ணுக்கும் பொது. ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவென்றால் மட்டும், அந்தக் கண்ணிலேயே உள்தசையைத் தளர்த்தி வெளித்தசையைக் குட்டையாக்குவார்கள். இரண்டு தசைக்குச் சுமார் ஒரு மணி நேரம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

1839இல் பெர்லினில் டீஃபன்பாக் ஏழு வயதுச் சிறுவனுக்குத் தசையை வெட்டியதுதான் இந்தச் சிகிச்சையின் தொடக்கம். அன்று வெட்டி அப்படியே விட்டார்கள், தைக்கவில்லை. பல கண்கள் பின்னாளில் எதிர்ப்பக்கமாக ஓடிப்போயின. தசையை விழியோடு அளந்து தைக்கும் இன்றைய முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைபெற்றது.

தவறு நடக்கக்கூடிய இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். தசை ஒட்டும் இடத்துக்குப் பின்னால் வெள்ளைவிழியின் தடிமன் சுமார் 0.3 மி.மீ.தான். ஊசி அதைத் தாண்டினால் விழித்திரை வரை போகும். பெரும்பாலும் தழும்போடு ஆறிவிடும், ஆனாலும் விழித்திரையை அன்றே பார்க்க வேண்டும். நூல் தசையின் உறையை மட்டும் பிடித்திருந்தால், சதை உள்ளே நழுவி, சில நாளில் கண் வெளியே போய், மூக்குப் பக்கம் திரும்பவே திரும்பாது. உள்தசைக்கு மற்றத் தசைகளோடு பிணைப்பு இல்லாததால் அது நழுவினால் கண்டுபிடிப்பதும் கடினம். நாள் கடத்தாமல் மறுபடி திறந்து தேட வேண்டிய அவசரம் இது. இவை அரிது. அளவு கூடிப்போவதும் குறைந்துபோவதும்தான் அடிக்கடி நடப்பவை.

மயக்க மருந்துப் பக்கம் ஒரு தனி விஷயம். உள்தசையைக் கொக்கியால் இழுக்கும்போது சில குழந்தைகளின் இதயத்துடிப்பு சட்டெனக் குறையும். கண்ணிலிருந்து இதயத்துக்குப் போகும் நரம்பு வழி அது. இழுப்பதை நிறுத்தினாலே துடிப்பு மீளும். மீளாவிட்டால் அட்ரோபின் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து தருவதில் பழகிய மருத்துவர் தலைமாட்டில் முழு நேரமும் இருக்கிறாரா என்று கேட்க இதுவே போதுமான காரணம். முந்தைய பதினைந்து நாளில் சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிவைப்பார்கள், அதில் நஷ்டமில்லை. குறைமாதக் குழந்தையா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சலோ உயிராபத்தோ வந்ததா, தசை நோய் உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். அறுவைக்கு முன் திட உணவும் மாட்டுப்பாலும் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் நிறுத்துவது வழக்கமான கணக்கு. பச்சைக் குழந்தையை நள்ளிரவிலிருந்து மதியம் வரை பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளைக் காலையில் முதலாவதாக எடுப்பதுதான் நல்ல தியேட்டரின் பழக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் வாந்தி அதிகம். மாறுகண் அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி மற்றப் பல அறுவைகளைவிடக் கூடுதல். அதற்கு ஒன்டான்செட்ரான் முன்பே கொடுத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு பால், பிறகு கஞ்சி. கண்ணீரோடு லேசாக ரத்தம் கசிவது முதல் நாளில் இயல்பு. வெள்ளைவிழி மூக்கோரமாகச் சிவந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். கண்ணைக் கட்டிவைப்பது பெரும்பாலும் தேவையில்லை. ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த சொட்டு மருந்தைச் சில வாரம் போடச் சொல்வார்கள். வேளைகளைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்ன தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள், அதற்கு மேல் சொந்தமாக நீட்டிக்காதீர்கள். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டும்.

இரண்டு வாரத்துக்குக் குளம், நீச்சல், மணல் விளையாட்டு வேண்டாம்; தலைக்கு ஊற்றும்போது கண்ணில் தண்ணீர் படாமல் பின்பக்கமாகச் சாய்த்து ஊற்றலாம். கண்மை, விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணுக்குள் கூடாது. பாட்டிமார் அன்போடு செய்வதுதான், ஆனால் புதுத்தையலில் கிருமி நுழைய அதுவே வழி. இமை வீங்கிக்கொண்டே போவது, சீழ், காய்ச்சல், வலி கூடுவது, கண் ஒரு பக்கம் திரும்ப மறுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

முதல் வாரத்தில் கண் லேசாக வெளியே போனாலும் பதறாதீர்கள், பலருக்கு மெல்ல உள்ளே வரும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்கும் அளவே முதல் முடிவு. நேர்க்கோட்டிலிருந்து 10 டயாப்டருக்குள் நின்றால் வெற்றி என்று கணக்கிடுவது வழக்கம்.

லேசர், பயிற்சி, போடாக்ஸ்

லேசரால் மாறுகண்ணை நேராக்குவதாக விளம்பரங்கள் வருகின்றன. லேசர் கருவிழியின் பவரை மாற்றும். தசையின் இடத்தை மாற்றாது. பிறவி மாறுகண்ணுக்கு அதில் வேலையில்லை. பென்சிலைப் பார்க்கும் பயிற்சியும் அப்படியே: அது கண்களை உள்ளே குவிக்க முடியாதவர்களுக்கான பயிற்சி, ஏற்கெனவே உள்ளே நிற்கும் கண்ணுக்கு அதனால் பயனில்லை. கைக்குழந்தைக்கு மாதக்கணக்கில் பயிற்சி என்று பணம் வாங்குவோரிடம் போவது காசை மட்டுமா வீணாக்குகிறது? செய்ய வேண்டிய மாதங்களையும் சேர்த்தே வீணாக்குகிறது.

போடாக்ஸ் அப்படித் தள்ளத்தக்கதன்று. சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காகவே அந்த மருந்தை முதலில் வளர்த்தெடுத்தார். 1989இல் அமெரிக்கா அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான், முகச்சுருக்கத்துக்கு அதன் பின்னரே. உள்தசையில் போட்டால் சில நாளில் தளர்ந்து, இரண்டு மூன்று மாதத்தில் மருந்தின் வேகம் போய்விடும். அதற்குள் கண்கள் சேர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டால் நேராக நிற்கும். 30, 35 டயாப்டர் வரை யோசிக்கத்தக்க மாற்று. அதற்கு மேல் அறுவை சிகிச்சையே உறுதி. இமை சில வாரம் தொங்கக்கூடும் என்பதையும், மறுபடி ஊசி தேவைப்படலாம் என்பதையும் தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டும்.

எங்கே, எவ்வளவு

1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976இல் மதுரையில் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், 1978இல் சென்னையில் உருவான சங்கர நேத்ராலயா ஆகிய இந்த மூன்றும் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள். பயிற்சி நிறுவனத்தின் பலம், அளவு எடுப்போரும் அனுபவமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது. யார் கத்தி பிடிக்கிறார், மூத்தவர் பக்கத்தில் இருப்பாரா என்று கேட்பதில் தவறில்லை. ஊரிலுள்ள சிறு தனியார் மருத்துவமனையில் காத்திருப்பு குறைவு. ஆனால் மாறுகண் மருத்துவர் வாரம் ஒருநாள் மட்டும் வந்து போகிறார் என்றால், அறுவைக்கு மறுநாள் பிரச்சினை வந்தால் யார் பார்ப்பார் என்பதை முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடம் காட்டினால் அரசு வழியில் பரிந்துரை கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அந்த மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, முன் அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டே தேதி குறியுங்கள். தனியார் காப்பீட்டில் சிக்கல் அதிகம். "வெளியே தெரியும் பிறவிக் குறைபாடு" என்ற விலக்கைக் காட்டியோ, அழகுக்கான சிகிச்சை என்று சொல்லியோ மறுப்பார்கள். இது அழகு சிகிச்சையாகாது. இரு கண் பார்வைக்கான சீரமைப்பு. மருத்துவரின் கடிதத்தில் கோண அளவும், இரு கண் பார்வை பாதிப்பும், சிகிச்சையின் நோக்கமும் எழுதப்பட்டிருந்தால் வாதாட ஆதாரம் இருக்கும். கட்டணம் கேட்கும்போது மயக்க மருத்துவர், தியேட்டர், மறுபரிசோதனைகள் எல்லாம் அடக்கமா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவது அறுவை வந்தால் என்ன தொகை என்பதையும் அப்போதே.

இரண்டாவது அறுவை சிகிச்சை

இரண்டு வயதுக்கு மேல், நேராக்கிய கண்ணிலேயே புதிதாக இரண்டு விஷயங்கள் தோன்றலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது உள்பக்கம் வரும் கண் மேலே ஏறுவது ஒன்று. அது கீழ்ச்சாய்வுத் தசை மிகையாக இழுப்பதால். குழந்தை கனவில் இருப்பது போல உட்கார்ந்திருக்கையில் ஒரு கண் மட்டும் மெல்ல மேலே மிதப்பது மற்றொன்று. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இது ஏதோ ஓர் அளவில் வரும். இரண்டுமே பிறவி மாறுகண் நோயின் கிளைகள். முதல் அறுவையில் செய்த தவறு என்று அந்த மருத்துவரைக் குறை சொல்லி வேறிடம் ஓடாதீர்கள். பெரிதாகத் தெரிந்தால் அதற்கென்று தனி அறுவை உண்டு. வளர்ந்த பிறகு, இருபது முப்பது வயதில் கண் வெளிப்பக்கமாகப் போவதும் சிலருக்கு நடக்கும்.

எனவே எட்டு, பத்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையும் பவரும் கோணமும் பார்க்க வேண்டும். கண் நேராக இருக்கிறது என்பதற்காக ஒரு முறையும் தவறவிட வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் "மாறுகண் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கண்ணில் எந்தத் தசை, ஒட்டும் இடத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியது, அறுவைக்கு முன் கிட்டத்திலும் தூரத்திலும் எத்தனை டயாப்டர், கண்ணாடி போட்டா போடாமலா என்பது எழுதப்பட்ட அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விடாமல் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே அதை வையுங்கள். இருபது வருடம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் அந்தத் தசையைத் தேடும்போது, எங்கே தொடங்குவது என்பதை அந்த மி.மீ. கணக்குதான் அவருக்குச் சொல்லும்.